மோவாய்க்குள் வைக்கும் அந்தச் சின்னத் துண்டு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

சென்ற இதழில் மூக்கு அறுவை சிகிச்சை பற்றி எழுதும்போது, ‘மூக்கு பெரிது என்று வருகிற சிலருக்கு மூக்கு சரியாகத்தான் இருக்கும், மோவாய்தான் உள்ளே போயிருக்கும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். மோவாயை எடுப்பாக்க எலும்பின் மேல் சிலிகான் துண்டு வைக்கிற அறுவை பற்றித்தான் கேள்விகள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதை நாடி என்போம். மதுரைக்கு வந்து பிளாஸ்டிக் சர்ஜனாக 20 வருடம் ஓடியதில் எனக்கும் மோவாய் என்றே வாயில் வருகிறது. சரி, கடிதங்களுக்குப் போவோம். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து 26 வயது வாசகி: அக்கா கல்யாண ஆல்பத்தில் என் பக்கவாட்டு முகத்தைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை மேடம். உதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்துதான் தெரிகிறது. ஒரு டாக்டரிடம் போனேன். சிலிகான் வைத்தால் போதும், ஒரு மணி நேர வேலை என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் கண்ணாடி முன் நின்று கடைவாய்ப் பற்களை நன்றாகக் கடித்துக்கொள்ளுங்கள். மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது? 2, 3 மில்லிமீட்டர் என்றால் இயல்பு. சுண்டு விரல் நுனி உள்ளே நுழைகிற அளவு இடைவெளி இருந்தால், உங்களுக்கு மோவாய் சிறிதில்லை, கீழ்த்தாடை முழுவதுமே பின்னால் இருக்கிறது. அதற்கு முதலில் போக வேண்டியது பல் சீரமைப்பு நிபுணரிடம். தாடையையே முன்னே நகர்த்தும் சிகிச்சை வேறு, அதன் காலக் கணக்கும் வேறு. கடி சரியில்லாத தாடையில் சிலிகானை வைப்பது, சாய்ந்த சுவரில் படத்தை மட்டும் நேராக மாட்டுகிற வேலை.

இன்னொன்று. உதட்டை மூடும்போது மோவாய்த் தோல் சாத்துக்குடித் தோல் போலக் குழி குழியாகச் சுருங்குகிறதா? அப்படியென்றால் உதட்டை மூடவே அந்தத் தசை மல்லுக்கட்டுகிறது. அங்கே துண்டை வைத்தால் தசை அதை எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். இதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

படத்தை வைத்து முடிவெடுப்பதானால், செல்ஃபி வேண்டாம். 5 அடி தள்ளி நின்று வேறு யாராவது எடுக்கட்டும். 12 அங்குல தூரத்தில் எடுக்கிற செல்ஃபி, 5 அடி தூரத்துப் படத்தைவிட மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கு பெருத்தால் மோவாய் சிறுத்துத்தானே தெரியும்? கல்யாண ஆல்பம் கொஞ்சம் பரவாயில்லை, தள்ளி நின்றுதான் எடுத்திருப்பார்கள்.

இதெல்லாம் தாண்டி, கடி சரி, மோவாய் நுனி மட்டும்தான் குறைவு என்றால் சிலிகான் நியாயமான வழிதான். என் மேஜை இழுப்பறையில் ஒரு மாதிரித் துண்டு கிடக்கும். வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். நடுவில் தடித்து, இரண்டு ஓரமும் மெலிந்து, வளைந்த தேங்காய்ப் பத்தை போல இருக்கும். அழுத்தினால் அழிரப்பர் மாதிரி. உள்ளே திரவம் கிடையாது, முழுத் திடம். ஓரங்களைக் கத்தியால் சீவி உங்கள் எலும்புக்கு ஏற்பப் பொருத்தலாம். ஓரம் நீளாத, பொத்தான் போன்ற பழைய வகை வைத்தவர்களுக்கு நடுவில் ஒரு குமிழ் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் இப்போது இரண்டு ஓரமும் இறகு போல நீண்டதை வைக்கிறோம்.

அறுவையன்று: மயக்க மருந்து முழுதாகவோ, தூக்க ஊசியோடு இடத்தை மரக்கச் செய்தோ கொடுப்பார்கள். மோவாய்க்கு அடியில் ஒரு சின்னக் கீறல், அல்லது கீழுதட்டின் உள்பக்கம். எலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறையைத் தூக்கி, அதற்கும் எலும்புக்கும் நடுவே துண்டு உட்காருகிற அளவுக்கே பை போல இடம் செய்வோம். பை பெரிதானால் துண்டு நகரும். பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். சில இடங்களில் ஓர் இரவு வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம்தான் நீங்கள் கேட்ட கதை. முதல் நாள் பிளாஸ்திரி இறுக்கமாக இருக்கும். வலியைவிட இறுக்கம்தான் தெரியும். மாத்திரைக்கு அடங்குகிற வலி. இரண்டாம், மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். அந்த மூன்றாம் நாளை எங்கள் நர்ஸ் அக்கா ‘அழுகை நாள்’ என்பார். கண்ணாடியில் தெரிவது உங்கள் முகமாக இருக்காது. கழுத்து வரைக்கும் நீலம் இறங்கி, பிறகு மஞ்சளாகும். ரத்தம் கீழ்நோக்கி வடிவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. தலையை உயர்த்தி, இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் சிரிப்பு. கீழுதட்டை இறக்குகிற தசைகள் வீங்கிக் கிடப்பதால், சிரித்தால் கீழ்ப்பல் தெரியாது, அல்லது ஒரு பக்கம் மட்டும் இறங்கும். ப, ம சொல்லும்போது உதடு ஒட்டி வராது. ‘அம்மா’ என்று கூப்பிட்டால் யாரோ வாயில் பஞ்சை வைத்துப் பேசுவது போல இருக்கும். போனில் பேசுகிற வேலை என்றால் 10 நாளாவது லீவு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் பேச்சு சரியாகிவிடும். சிரிப்புக்கு இன்னும் கொஞ்சம் ஆகலாம்.

அடுத்தது மரப்பு. இரண்டாவது சிறுகடைவாய்ப் பல்லுக்குக் கீழே, இரண்டு பக்கமும் எலும்பில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. நாங்கள் வேலை செய்வது அதன் வாசலில். அது இழுபட்டால் உதடு மரத்துப்போகும். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிவது தெரியாது. சூடான காபியில் உதடு வெந்தாலும் உறைக்காது, அதனால் ஆற்றிக் குடியுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். எறும்பு ஊறுவது போல ஒன்று தொடங்கினால் நரம்பு விழிக்கிறது என்று அர்த்தம், நல்ல அறிகுறி. அபூர்வமாக ஓரிடம் மரத்தது மரத்தபடியே நின்றுவிடுவதும் உண்டு. இதைச் சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும்முன் அந்த வரியைப் படியுங்கள்.

வெளித்தையலை 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு வாரம், 10 நாளில் போகலாம். ‘இதுதான் என் முகம்’ என்று சொல்ல 3 மாதமாவது ஆகும். கடைசிச் சொட்டு வீக்கம் வற்ற அதைவிடக் கூடவும் ஆகலாம். அதற்குள் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்.

எப்போது ஓடி வர வேண்டும் என்றால்: குறைந்துகொண்டிருந்த வீக்கம் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் ஏறினால், காய்ச்சல் வந்தால், வாயில் கெட்ட ருசியோ சீழோ தெரிந்தால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு வலி கூடினால். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் மாத்திரையோடு தீராமல் துண்டையே எடுக்க வேண்டி வரலாம். எடுத்து, புண் ஆறி, சில மாதம் கழித்துத்தான் மறுபடி யோசிக்க முடியும்.

கடைசியாக என் தப்பு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், ‘செய்வதே செய்கிறோம், நன்றாகத் தெரியட்டும்’ என்று ஒரு பெண்ணுக்கு ஒரு சைஸ் பெரிதாக வைத்தேன். பக்கவாட்டில் பிரமாதம். நேரே பார்த்தால் அவள் அண்ணன் ஜாடை வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. 5 மாதம் கழித்து வந்து, ‘டாக்டர், எங்க அப்பா என்னைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுறார்’ என்றாள். எடுத்துவிட்டுச் சிறியதை வைத்தேன், கட்டணம் வாங்கவில்லை. பெண்களுக்கு மோவாய் கீழுதட்டின் நேர்க்கோட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே இருந்தாலே அழகுதான். ஆண்களுக்கு அந்தக் கோட்டைத் தொடலாம். இரண்டு சைஸுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் சிறியதைக் கேளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து 31 வயது வாசகர்: வாய்க்குள் கிழித்து வைப்பது நல்லதா, மோவாய்க்கு அடியிலா? எனக்கு இடது கையில் பி.சி.ஜி. போட்ட இடம் தடித்து மேடாக இருக்கிறது. ஜிம்முக்கும் போகிறேன்.

பி.சி.ஜி. தழும்பைச் சொன்னது நல்லதாயிற்று, பலர் அதைச் சொல்வதே இல்லை. அது கீலாய்டு, அதாவது மேடாகத் தடித்து வளர்கிற தழும்பு. நம் ஊர்த் தோலுக்கு அந்தச் சுபாவம் அதிகம். தோள், மார்பு, காது மடல் அளவுக்கு மோவாய் அடிப்பகுதி மோசமில்லை என்றாலும், ஏற்கெனவே ஓரிடத்தில் மேடு கட்டியவருக்கு நான் வாய் வழியைத்தான் யோசிப்பேன். அங்கே தழும்பு வெளியே தெரியாது.

ஆனால் வாய் என்பது கிருமிக் கிடங்கு. ஈறில் ரத்தம் வருகிறவர், சொத்தைப் பல்லைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர், சிகரெட் பிடிக்கிறவர் இவர்களுக்கு வெளிவழி பாதுகாப்பு. வெளிவழியில் துண்டைத் தாடையின் கீழ் விளிம்பில் சரியாக உட்காரவைப்பதும் எளிது. வாய் வழியில் அது மேலே ஏறி உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு. வாய்க்குள் வெட்டும்போது மோவாய்த் தசையையும் பிரித்தாக வேண்டும். முடிக்கும்போது அதைத் திரும்ப இழுத்துத் தைக்காவிட்டால் மோவாய்ச் சதை பிற்பாடு தொங்கிவிடும். ‘தசையை எப்படித் தைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வாய் வழி என்றால் ஒரு வாரம் குழைந்த மோர் சாதம், ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. முறுக்கு, கரும்பு, எலும்புக் கறி எல்லாம் ஒரு மாதம் தள்ளி நிற்கட்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம், தையல் இழுபடும். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் உப்புத் தண்ணீரோ, எழுதிக் கொடுத்த மவுத்வாஷோ. பல் துலக்கக் குழந்தைகளின் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். சிகரெட் இருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஜிம்மில் எடை தூக்க 4 முதல் 6 வாரம். முகத்தில் அடிபடுகிற விளையாட்டு எதுவும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

ஒரு உபரி யோசனை: தாடி வளர்த்துப் பார்த்தீர்களா? உலகத்திலேயே மலிவான மோவாய் அறுவை அது. என் வருமானத்துக்கு நல்லதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்கு 15 வயது. மோவாய் சின்னதாக இருக்கிறது என்று பள்ளியில் கேலி செய்கிறார்கள். இப்போதே செய்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. தாடை இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆனால் ‘இன்னும் 3 வருடம் பொறு’ என்று சொல்லி அனுப்பிவிடவும் எனக்கு மனம் வரவில்லை, இரண்டு காரணம்.

ஒன்று, கீழ்த்தாடை பின்வாங்கியிருப்பதற்குப் பல் சீரமைப்பு நிபுணர் வளரும் வயதில் செய்யக்கூடியது சில உண்டு. வளர்ந்த பிறகு அந்த வாய்ப்புப் போய்விடும். அதனால் இந்த மாதமே காட்டுங்கள். இரண்டு, அவள் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா? சின்ன வயதில் மாடிப்படியிலோ தொட்டிலிலிருந்தோ மோவாய் அடிபட விழுந்திருக்கிறாளா? மோவாயில் விழுந்த அடி காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டுக்குப் போய்ச் சேரும். அந்த மூட்டு இறுகி ஒட்டிக்கொண்டால் வாயும் திறக்காது, தாடையும் வளராது. ‘மோவாய் சின்னது’ என்று அழைத்து வந்த பிள்ளைகள் சிலருக்கு உண்மையான நோய் மூட்டில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சிலிகான் வைப்பது நோயை மூடிவைப்பதாகும்.

பெரிதாகக் குறட்டை விடுகிறாளா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறாளா என்பதையும் கவனியுங்கள். தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் இருக்கும். இந்தத் துண்டு எலும்புக்கு வெளியே உட்காருவது. மூச்சுப் பாதைக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை. கேலி செய்கிற பிள்ளைகள் விஷயத்தை வகுப்பு ஆசிரியையிடம் பேசுங்கள். அது என் துறை இல்லை, ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்து வாசகி: 11 வருடங்களுக்கு முன் மோவாயில் வைத்த இம்பிளான்ட். போன கிழமை பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அதற்கு அடியில் எலும்பு தேய்ந்திருக்குது என்றார். பயமாய்க் கிடக்குது டாக்டர். எடுக்க வேணுமோ?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. துண்டுக்கு அடியில் எலும்பு கரைவதை 1969-லேயே ராபின்சன், ஷூக்கன் என்ற இருவர் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். தசை ஒரு பக்கம் அழுத்த, எலும்பு மறுபக்கம் மெல்ல இடம் கொடுக்கிறது. பலருக்குக் கொஞ்சம் பதிந்து, அந்தக் குழியில் துண்டு வசதியாக உட்கார்ந்து, அத்தோடு நின்றுவிடும். அவர்களுக்கே அது தெரியாது.

முக்கியமான கேள்வி, துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். தாடையின் கீழ் விளிம்பில் எலும்பு கெட்டி. அங்கே இருந்தால் பொதுவாகக் கண்காணித்தால் போதும். மேலே ஏறி, கீழ் முன்பற்களின் வேருக்கு நேராக இருந்தால் அங்கே எலும்பு மெல்லியது, வேர் வரை போகலாம். பல் கூச்சம், முன்பல் ஆட்டம், புதிதாக வலி ஏதாவது உண்டா? அந்த மூன்றும் இல்லையென்றால் அவசரமில்லை. பல் மருத்துவர்கள் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன் ஒன்று எடுத்து, பழைய எக்ஸ்ரே கிடைத்தால் அதையும் கொண்டுபோய், ஒரு முக அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் தேய்மானம் நின்றதா, போகிறதா என்று தெரியும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், சிலிகான் எடுப்பதற்கு எளிது. உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டியிருக்கும், உறையைத் திறந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நுண்துளைகள் உள்ள பாலிஎத்திலீன் வகை என்றால் சதை அதற்குள் வளர்ந்து பின்னியிருக்கும், பிரித்தெடுப்பது சிரமம். உங்களுடையது எந்த வகை என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். வெறுமனே எடுத்தால் விரிந்த தோல் கொஞ்சம் தளரும். அதனால் எடுக்கும்போதே சொந்த மோவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்துப் பொருத்துவதும் ஒரு வழி. 1942-ல் ஹோஃபர் என்ற மருத்துவர் விவரித்து, 1957-ல் டிராவ்னர், ஓப்வெகெஸர் என்ற இருவர் வாய்க்குள்ளாகவே செய்யும் வழியை எழுதிய சிகிச்சை. மோவாய் மிகவும் பின்னால் இருக்கிறவர், உயரமும் குறைவாக இருக்கிறவர், ஒரு பக்கம் கோணியவர் ஆகியோருக்கு நான் ஆரம்பத்திலேயே இதைத்தான் சொல்வேன். வீக்கம் கூட, வேலை கூட. ஆனால் நகர்வது அவர்களின் சொந்த எலும்பு.

திருச்சியிலிருந்து: பியூட்டி பார்லரில் ஊசியிலேயே மோவாயைக் கூட்டலாம் என்கிறார்கள். அறுவையே தேவையில்லையாமே?

ஊசி உண்மை, பார்லர்தான் தப்பு. ஹயலூரானிக் அமில ஃபில்லரை, அதாவது தோலுக்கடியில் நிரப்புகிற ஜெல்லை, மோவாயில் போடலாம்; அதில் ஜூவடெர்ம் வொல்யூமா என்ற பிராண்டுக்கு அமெரிக்காவில் 2020-ல் மோவாய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள். ஒரு வருடம் முன்னே பின்னே நிற்கும், பிறகு கரையும். பிடிக்காவிட்டால் கரைக்க மருந்தும் இருக்கிறது. கத்திக்குப் போகுமுன் ‘இப்படி இருந்தால் எனக்குப் பிடிக்குமா’ என்று ஒத்திகை பார்க்க நல்ல வழி. ஆனால் ஊசி தவறி ரத்தக்குழாயில் இறங்கினால் தோல் கருகும். மிக அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. அந்த நிமிடத்தில் கரைப்பு மருந்தைக் கையில் வைத்திருக்கிற, அதை எங்கே எவ்வளவு போடுவது என்று தெரிந்த டாக்டர் பக்கத்தில் வேண்டும். த்ரெடிங் செய்கிற நாற்காலியில் இதைச் செய்துகொள்ளாதீர்கள்.

பலர் கேட்ட துக்கடாக் கேள்விகள்:

ஏர்போர்ட்டில் பீப் அடிக்குமா? சிலிகானில் உலோகமே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை, ஆனால் ஸ்கேன் எடுக்கிறவரிடமும் பல் டாக்டரிடமும் வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மார்பில் வைப்பது போல உடைந்து ஒழுகுமா? ஒழுகாது, திடப்பொருள்.

இன்சூரன்ஸ்? அழகுக்காகச் செய்தால் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பதாக இருந்தால் கேட்டுப்பாருங்கள். செலவை ஒரே தொகையாகச் சொன்னால், டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், துண்டின் விலை, மறுபடி செய்ய வேண்டி வந்தால் யார் செலவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

யாரிடம் செய்வது? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி., அல்லது முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். முடித்தவரிடம். போர்டில் ‘காஸ்மெட்டிக்’ என்று மட்டும் இருந்தால் பட்டம் என்ன என்று கேளுங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார்: ‘எங்க ஆச்சி எப்பப் பார்த்தாலும் மோவாயைப் பிடிச்சுக் கொஞ்சும். இதைச் செஞ்சுக்கிட்டா அது பிடிக்கலாமா?’ 6 வாரம் ஆச்சியைக் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் துண்டைச் சுற்றி உறை கட்டிவிடும், பிறகு பிடிக்கலாம். ஆச்சிக்கு வித்தியாசம் தெரியுமா என்று கேட்டால், தெரியும். என் நோயாளிகளில் ஒருவருடைய ஆச்சி கையை எடுத்துவிட்டு, ‘என்னட்டி, உள்ள என்னத்த வச்சிருக்க?’ என்று கேட்டாராம்.